கனடாவில் முதுநிலைப் படிப்பு: தகுதி வேறு, இடம் வேறு

கனடாவில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "அந்தப் பல்கலைக்கழகத்துக்கு கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதாகவே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கூட்டிக் கழித்து, தரவரிசைப் பட்டியலில் தன் எண்ணைத் தேடி, கலந்தாய்வில் இடம் எடுத்துப் பழகியவர்களிடம் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். கனடாவிலும் கட்-ஆஃப் போலத் தோன்றும் ஓர் எண் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவரின் விண்ணப்பம் பொதுவாக மேற்கொண்டு படிக்கப்படாது என்பதே அந்த எண்ணின் பொருள். அதற்கு மேலே உள்ளவருக்கு இடம் உண்டா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இடம் கிடைப்பது வேறொரு கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், விண்ணப்பத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கனடாவில் கல்வி மாகாண அரசுகளின் பொறுப்பில் உள்ளது. முதுநிலைப் படிப்புகளுக்கென்று நாடு தழுவிய நுழைவுத் தேர்வு கிடையாது. ஒரே விண்ணப்பத்தில் பல பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் முறையும் பெரும்பாலான படிப்புகளுக்கு இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இரண்டு அடுக்குகள் உண்டு. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான குறைந்தபட்சத் தகுதியை முதுநிலைப் படிப்புகளுக்கான மைய அமைப்பு வகுக்கிறது; அதற்குக் குறையாமல், தேவைப்பட்டால் அதைவிட உயர்வாக, தன் நிபந்தனைகளை ஒவ்வொரு துறையும் வகுத்துக்கொள்கிறது. பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் துறையின் பக்கத்தைப் படிக்காமல் விடுவது, தொடக்க நிலையில் பலரும் செய்யும் தவறு.

டொராண்டோ பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டப் படிப்புக்கு, இளநிலையின் இறுதியாண்டில் பி தரத்தின் நடுப்பகுதியைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் மூன்றாம், நான்காம் ஆண்டு நிலைப் பாடங்களில் பி பிளஸ், அதாவது அதன் அளவுகோலில் 76 சதவீதம், எதிர்பார்க்கிறது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி 4க்கு 3.0 வேண்டும்; அல்லது முழுநேரப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில் 3.2 இருக்க வேண்டும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை 78 சதவீதச் சராசரி கேட்கிறது. இந்த எண்களில் கவனிக்க வேண்டிய ஒரு பொதுத்தன்மை உண்டு: பெரும்பாலும் அவை படிப்பின் பின்பகுதியை நோக்கியே இருக்கின்றன. முதலாண்டில் தடுமாறி, மூன்றாம் ஆண்டில் நிமிர்ந்த மாணவருக்கு இது ஆறுதலான செய்தி. முதலாண்டில் மின்னிப் பிறகு மங்கியவருக்கு அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

இந்தச் சதவீதங்களை நம் ஊர்ச் சதவீதங்களோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. கனடாவின் பல பல்கலைக்கழகங்களில் 80 சதவீதத்தில் ஏ மைனஸ் தொடங்குகிறது. இந்தியாவில் 60 சதவீதமே முதல் வகுப்பு. இந்த வேறுபாட்டைச் சேர்க்கை அலுவலர்கள் நன்கு அறிவார்கள். நாடு வாரியாகத் தங்கள் தகுதிக்கு இணையான மதிப்பீட்டை அவர்களே வைத்திருக்கிறார்கள். எனவே பத்துக்கு எடுத்த சிஜிபிஏவை இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு சூத்திரத்தால் நான்குக்கு மாற்றி விண்ணப்பத்தில் எழுதுவது வீண் வேலை. தவறாகப் போனால் ஐயத்தைக் கிளப்பும் வேலையும்கூட. மதிப்பெண் பட்டியலில் எந்த அளவுகோல் உள்ளதோ அதையே எழுதுவதுதான் முறை.

பட்டத்தின் கால அளவு இன்னொரு சிக்கல். கனடாவின் ஹானர்ஸ் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. பொறியியல் படித்தவர்களுக்கு இதில் தடையில்லை. மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. முடித்தவர்களுக்குப் பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பட்டம் மட்டும் போதாது; அதற்கு மேல் ஒரு முதுநிலைப் பட்டமும் இருந்தால்தான் கனடாவின் முதுநிலைப் படிப்புக்கே விண்ணப்பிக்க இயலும். இலங்கையில் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டம் பெற்றவருக்கும் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் பெற்றவருக்கும் இடையே இதே வேறுபாடு எழுகிறது. "அங்கே போய் மறுபடியும் எம்.எஸ்சி.யா?" என்று வீட்டில் கேட்பார்கள். முனைவர் பட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு முதுநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பது கனடாவில் பரவலான வழக்கம் என்பதால், இங்கே எம்.எஸ்சி. முடித்தவர்கள் நேரடியாக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதையும் துறையிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னது தகுதி. இனி, இடம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்ப்போம்.

கனடாவின் முதுநிலைப் பட்டங்களைப் பொதுவாக இரண்டு வகைகளாகப் பிரிக்கலாம். ஒன்று, ஆய்வேடு எழுதிப் பெறும் பட்டம், எம்.எஸ்சி., எம்.ஏ.எஸ்சி. போன்றவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் பட்டம்; பொறியியலில் எம்.இங்., வணிகத்தில் எம்பிஏ போன்றவை பெரும்பாலும் இதில் அடங்கும். இரண்டாவது வகையில் மாணவர் தம் பணத்தில் படிக்கிறார். ஆகவே வகுப்பறை கொள்ளும் அளவுக்கு இடங்கள் இருக்கும். முதல் வகையில், பல அறிவியல், பொறியியல் துறைகளில், மாணவருக்குப் பல்கலைக்கழகம் பணம் தருகிறது. போட்டி கடுமையாவது இங்கேதான்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே முழுச் சேர்க்கையையும் விளக்கிவிடும். இயற்கை அறிவியல், பொறியியல் பேராசிரியர்கள் பலர் கூட்டாட்சி அரசின் இயற்கை அறிவியல் மற்றும் பொறியியல் ஆய்வு மன்றத்திடமிருந்து, அதாவது என்செர்க் என்று அங்கே எல்லோரும் சொல்லும் அமைப்பிடமிருந்து, ஆய்வு நிதி பெறுகிறார்கள். அதன் டிஸ்கவரி நிதி பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும். அந்தத் தொகையிலிருந்து ஒரு பகுதியும், மாணவர் கற்பித்தல் உதவியாளராக உழைத்துப் பெறும் ஊதியமும், கிடைத்தால் ஏதேனும் ஓர் உதவித்தொகையும் சேர்ந்துதான் மாணவரின் ஆண்டு வருமானம் உருவாகிறது. முதுநிலை மாணவர்களுக்கான கூட்டாட்சி அரசின் ஆய்வு உதவித்தொகை 2024 முதல் ஆண்டுக்கு 27,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஆனால் நம் நாட்டிலிருந்து படிக்கச் செல்பவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது, குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுமே பெரும்பாலும் அதற்கு உரியவர்கள். ஆக, உள்ளூர் மாணவர் ஒருவர் தம் உதவித்தொகையைக் கையோடு கொண்டுவரும் வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு மாணவருக்கான செலவின் பெரும்பகுதியை நெறியாளரும், அதாவது அவருடைய ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரும், துறையுமே ஏற்க வேண்டியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டினருக்கான கல்விக் கட்டணமும் அதிகம். டொராண்டோ பல்கலைக்கழகம் 2018 முதல் பெரும்பாலான வெளிநாட்டு முனைவர் பட்ட மாணவர்களிடம் உள்ளூர்க் கட்டணத்தையே வாங்குகிறது என்பது இந்தச் சுமையைக் குறைக்கும் ஓர் ஏற்பாடு. ஆயினும் முதுநிலை மாணவர்களுக்கு அது பொருந்தாது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், நெறியாளராகப் போகிற பேராசிரியர் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும்போது தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி தெளிவாகிவிடும். இவருடைய மதிப்பெண் நல்லதா என்பது அதன் தொடக்கம் மட்டுமே. என் நிதியிலிருந்து இரண்டு ஆண்டுகள் இவருக்குச் செலவிட்டால், நான் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கும் ஆய்வில் ஒரு பகுதி முடியுமா என்பதே அவருடைய கவலை. அந்த ஆண்டு அவரிடம் நிதி இல்லாவிட்டால், அவர் விடுப்பில் போகிறவராக இருந்தால், அல்லது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தால், தங்கப் பதக்கம் வாங்கியவருக்கும் அவரிடம் இடம் இல்லை. தகுதி இருந்தும் இடம் கிடைக்காத பலருக்கு நேர்வது இதுதான்.

ஒரு விண்ணப்பக் கோப்பினை அருகிலிருந்து பார்த்தால் இது இன்னும் விளங்கும். கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வேதிப் பொறியியல் படித்தவர். ஒட்டுமொத்த சிஜிபிஏ 7.9, முதலாண்டுக் கணிதத்தில் ஓர் அரியர், அடுத்த பருவத்திலேயே எழுதித் தேறியிருக்கிறார், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பெரும்பாலும் 9க்கு அருகில். இறுதியாண்டுத் திட்டம், திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து உப்பைச் சவ்வு வடிகட்டிகளால் பிரிப்பது. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் மதிப்பெண் பட்டியலைத் திறந்ததும் 7.9ஐப் பார்ப்பார், உடனே கண்ணைப் பின்பருவங்களுக்கு நகர்த்தி, வெப்பம், பொருள், உந்தம் ஆகியவற்றின் கடத்தலைக் கற்பிக்கும் பாடத்தில் என்ன தரம் என்று தேடுவார், ஏனெனில் சவ்வு ஆய்வுக்கு அதுதான் அடித்தளம். அரியர் அவர் கண்ணில் படும். டிரான்ஸ்கிரிப்டில் எத்தனை முயற்சியில் தேறினார் என்பது பதிவாகியிருக்கும்போது அதை மறைக்க முயல்வதில் பயனில்லை. ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்வது நல்லது, காரணம் சொல்லத்தக்கதாக இல்லாவிட்டால் பேசாமலேயே விட்டுவிடலாம். அடுத்து, இவருடைய திட்டத்தோடு ஒட்டுகிற ஆய்வுக்குழு துறையில் உண்டா, அந்தக் குழுவின் தலைவர் இந்த ஆண்டு ஆள் எடுக்கிறாரா என்று பார்ப்பார். அங்கே பெயர் பொருந்தவில்லை என்றால் கோப்பு மூடப்படும்.

எனவேதான் பல துறைகளில், விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது முக்கியமாகிறது. இங்கே நம் மாணவர்கள் எழுதும் மின்னஞ்சலைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மகத்தான ஆராய்ச்சியால் நான் பெரிதும் ஈர்க்கப்பட்டேன். உங்கள் மேலான வழிகாட்டுதலில் பயில விரும்புகிறேன். என் விவரக் குறிப்பு இணைப்பில் உள்ளது." இதில் எந்த வரியையும் மாற்றாமல் வேறொரு பேராசிரியருக்கு அனுப்பலாம் என்பதே இதன் குறை, பெறுபவரும் அதை முதல் வரியிலேயே உணர்ந்துவிடுவார். அவர் பெண்ணாக இருந்துவிட்டால், "ஐயா" என்ற சொல்லோடு கதை முடிந்தது.

நம் கற்பனை மாணவி எழுதக்கூடிய மின்னஞ்சல் வேறு மாதிரி இருக்கும்: "சாயக் கழிவுநீரில் உப்பைப் பிரிக்கும் என் இறுதியாண்டுத் திட்டத்தில், ஆறு வாரங்களுக்குப் பிறகு சவ்வின் வழியே நீர் ஊடுருவும் வீதம் சரிந்தது; கழுவிய பின்னும் பழைய நிலைக்கு வரவில்லை. சவ்வின் மேற்பரப்பை மாற்றி இத்தகைய படிவைக் குறைத்ததாக உங்கள் குழு சென்ற ஆண்டு எழுதியிருக்கிறது. சாயமும் உப்பும் ஒருசேர அதிகமாக உள்ள நீரில் அந்த மாற்றம் நிலைக்குமா என்பதை ஆராய விரும்புகிறேன். வரும் செப்டம்பரில் புதிய மாணவரைச் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு உண்டா?" இதில் புகழ்ச்சி இல்லை, தன் சோதனை எங்கே தோற்றது என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தோல்வியைச் சொன்னால் மதிப்பு குறையும் என்று நாம் நினைக்கிறோம். ஆய்வகத்தில் வேலை செய்தவருக்கு, தோற்ற சோதனையைப் பற்றித் துல்லியமாகப் பேசத் தெரிந்தவர்தான் உண்மையிலேயே சோதனை செய்தவர் என்று தெரியும்.

இதற்கு "விண்ணப்பியுங்கள், பார்ப்போம்" என்று பதில் வந்தால் அது இடம் கிடைத்ததாக ஆகாது. பல பேருக்கு அதே பதில் போயிருக்கும். பதிலே வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். மேலும், எல்லாத் துறைகளும் இந்த முன்தொடர்பை விரும்புவதில்லை. டொராண்டோவின் கணினி அறிவியல் துறை போன்ற சில இடங்களில் விண்ணப்பங்களைக் குழுவே மையமாகப் படித்துத் தேர்ந்தெடுக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், நெறியாளரின் ஒப்புதல் முன்கூட்டியே தேவையா இல்லையா என்பதை ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் குறிப்பிடுகிறது. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குப் பெயர்பெற்ற மான்ட்ரியாலின் மிலா நிறுவனத்தில் இன்னொரு வழக்கம்: நெறியாளர் கோரிக்கை என்ற தனி விண்ணப்பத்தை அந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அதோடு அந்த நெறியாளர் சார்ந்த பல்கலைக்கழகத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும். பாடவழிப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பேராசிரியர்களுக்கு எழுதவே தேவையில்லை.

மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னதே நோக்க அறிக்கைக்கும், அதாவது எல்லோரும் எஸ்ஓபி என்று அழைக்கும் கட்டுரைக்கும், பொருந்தும். சிறுவயதில் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்த கதையை அதில் யாரும் தேடுவதில்லை. என்ன செய்தீர்கள், அதில் எந்தக் கேள்வி விடை கிடைக்காமல் நின்றது, அந்தக் கேள்வியைத் தொடர இந்தத் துறையில் யாரிடம் என்ன இருக்கிறது என்ற மூன்றும் ஒன்றோடொன்று கோத்து வந்தால் போதும்.

பரிந்துரைக் கடிதங்கள் பொதுவாக இரண்டோ மூன்றோ கேட்கப்படும். துறைத் தலைவர் என்பதாலோ முதல்வர் என்பதாலோ ஒருவரிடம் கடிதம் கேட்பது நம்மிடம் வழக்கம். அவருக்கு உங்களை முகத்தளவில் மட்டுமே தெரியும் என்றால், "ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், வகுப்பில் முதல் பத்துப் பேரில் ஒருவர்" என்பதைத் தாண்டி அந்தக் கடிதம் போகாது. உங்கள் திட்டத்தை வாராவாரம் பார்த்த உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதத்துக்கு அதைவிட எடை அதிகம். சில ஆசிரியர்கள், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அதற்கு இணங்க வேண்டாம். மூன்று கடிதங்களும் ஒரே நடையில், ஒரே சொற்பிழையோடு இருப்பதைப் படிப்பவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். கடிதத்துக்கான இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாகச் செல்லும். கல்லூரியின் பெயர் தாங்கிய முகவரியையே பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. நான் விண்ணப்பித்த ஆண்டில், என் ஆசிரியர் ஒருவருக்குப் போன இணைப்பு ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. அவர் வரவில்லை என்று நினைத்தார். நான் அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். கெடு முடிந்த மறுநாள்தான் இருவரும் பேசிக்கொண்டோம். இணைப்பு அனுப்பிய அன்றே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது கூச்சப்பட வேண்டிய செயல் இல்லை.

ஆங்கிலத் தேர்வு இருப்பதிலேயே எளிதாகத் திட்டமிடக்கூடியது. டொராண்டோ பல்கலைக்கழகம் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 7.0, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 6.5 கேட்கிறது, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பொதுக் குறைந்தபட்சம் 6.5, ஒவ்வொரு பிரிவிலும் 6.0. மொத்தத்தில் 7.5 வாங்கி, எழுத்துப் பிரிவில் 6.0 வாங்கியவர் டொராண்டோவின் வரம்பில் நிற்கமாட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் திறன் தேர்வாகிய ஜிஆர்இயைப் பெரும்பாலான துறைகள் கேட்பதில்லை. கேட்காத இடத்துக்காக அதில் மூன்று மாதம் செலவழிப்பதைவிட, திட்ட அறிக்கையைச் செம்மைப்படுத்தலாம்.

செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளில் போட்டி மிகுந்தவற்றுக்கு, முந்தைய டிசம்பரிலோ ஜனவரியிலோ கெடு முடிந்துவிடும். பின்னோக்கிக் கணக்கிட்டால், பேராசிரியர்களுக்கு எழுதுவது செப்டம்பர், அக்டோபரில். ஆங்கிலத் தேர்வு அதற்கு முன்பே. எந்தத் துறை, யார் யாருடைய ஆய்வு என்ற தேடல் கோடைக்காலத்தில். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க எத்தனை நாள் ஆகும் என்பதை உங்கள் சீனியர்களிடம் கேட்டு, அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கே நூறு கனடிய டாலருக்கு மேல் செலவாகும் இடங்கள் பல. கட்டிய தொகை திரும்ப வராது. பன்னிரண்டு இடங்களுக்குப் போட்டுப் பார்ப்பதைவிட, நெறியாளரோடு பொருந்தும் நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் நல்லது. கமிஷன் கிடைக்கும் கல்லூரிகளைக் காட்டுவதில் முகவர்கள் வல்லவர்கள். ஆய்வு நெறியாளரைத் தேடும் வேலையை அவர்களால் உங்களுக்காகச் செய்ய முடியாது.

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகும் அதில் நிபந்தனைகள் இருக்கும். இறுதிப் பருவ மதிப்பெண்ணும் பட்டச் சான்றிதழும் பல்கலைக்கழகத்திடமிருந்தே முத்திரையிட்ட உறையிலோ மின்வழியிலோ நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. படிப்பு அனுமதிக்கு, அதாவது கனடாவில் தங்கிப் படிக்க அரசு தரும் ஸ்டடி பெர்மிட்டுக்கு, விண்ணப்பிப்பது அதற்குப் பின், குடிவரவுத் துறையின் தனிக் கணக்கு. 2026 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் படிப்புக்குச் செல்பவர்கள் வெளிநாட்டு மாணவர் ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்று மாகாண அரசு தரும் சான்றுக் கடிதத்தை இணைக்க வேண்டியதில்லை. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, தனியாகச் செல்பவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அளவு. மெக்கில், மான்ட்ரியால் என்று கியூபெக் மாகாணத்துக்குச் செல்பவர்கள் அந்த மாகாணத்தின் ஏற்புச் சான்றிதழை அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். நிதி அளவும் அங்கே தனி. நெறியாளரின் நிதியுதவிக் கடிதம் உங்கள் கையில் இருந்தால் அதையும் இந்த விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.